நூலகரும் தமிழாசிரியரும் ஒரே பாடவேளையில்

பள்ளியில் இணையம் என்ற பேச்சு எழுந்தால் எல்லோரும் கணினி ஆசிரியரைத்தான் பார்க்கிறார்கள். கோப்பைச் சேமிப்பது, கடவுச்சொல்லைக் காப்பது, மின்னஞ்சல் அனுப்புவது எல்லாம் அவர் கற்றுத் தருவார். ஆனால் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வாட்ஸ்அப்பில் வந்த ஈரடியைத் திருக்குறள் என்று நம்பித் தன் பேச்சுப்போட்டி உரையில் சேர்த்துக்கொண்டால், அங்கே கணினி அறிவு உதவாது. அது குறள்தானா என்று பார்க்க யாப்பு தெரிந்தவர் வேண்டும். எந்தப் பதிப்பை எடுத்து, அதில் எந்தப் பகுதியைப் புரட்டுவது என்று காட்ட நூல்களோடு புழங்குபவர் வேண்டும். முன்னவர் தமிழாசிரியர், பின்னவர் நூலகர். இருவரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். ஒரே வகுப்பில் சேர்ந்து நிற்பதைத்தான் பார்க்க முடிவதில்லை.

அவர்களை ஒரே பாடவேளைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதே இந்த இயலின் பொருள். திரையில் வரும் தமிழ்ப் பனுவல் எதையும் இரண்டு வழிகளில் சோதிக்கலாம். உள்ளே புகுந்து சொல்லையும் நடையையும் யாப்பையும் பார்ப்பது ஒரு வழி. வெளியே நின்று, இதை எழுதியவர் யார், எங்கே அச்சானது, வேறு யார் இதைச் சொல்கிறார்கள் என்று விசாரிப்பது மற்றொரு வழி. முதலாவது மொழி வகுப்பில் காலகாலமாகச் செய்துவருவது. இரண்டாவது நூலகத்தில் அன்றாடம் நடப்பது. ஒரு வழியை மட்டும் கற்ற பிள்ளை பாதி தூரத்தில் நின்றுவிடும். அது எப்படி என்று எடுத்துக்காட்டுகளில் பார்ப்போம்.

நூலகர் இல்லாத பள்ளியில்

தமிழ்நாட்டில் பல பள்ளிகளுக்கு நூலகர் பணியிடமே கிடையாது. பாட ஆசிரியர் ஒருவர் கூடுதல் பொறுப்பாக நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறார். பெரும்பாலும் அந்தப் பொறுப்பு தமிழாசிரியர் தலையில்தான் விழுகிறது. ‘நூலகத்துக்கும் நானே, தமிழுக்கும் நானே, இதில் யாரோடு சேர்வது?’ என்று அவர்கள் கேட்பது நியாயம்தான்.

அவர்களுக்கு என் யோசனை, ஊரிலுள்ள கிளை நூலகத்துக்குப் போங்கள் என்பது. 1948ஆம் ஆண்டின் மதராஸ் பொது நூலகச் சட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுவும், அதன் கீழ்க் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் இருக்கின்றன. நூல்களைப் பகுப்பது, பட்டியல் தயாரிப்பது, கேட்டவருக்குக் கேட்ட தகவலை எடுத்துக் கொடுப்பது ஆகியவற்றில் தேர்ந்தவர் அங்கே அமர்ந்திருக்கிறார். காலையில் நாளிதழ் படிக்க வரும் பெரியவர்களையும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களையும் தவிர அவரிடம் அதிகம் பேர் எதுவும் கேட்பதில்லை. தலைமையாசிரியர் கையொப்பத்துடன் ஒரு கடிதம் கொண்டுபோய்க் கொடுத்து, பருவத்துக்கு ஒரு முறை பள்ளிக்கு வர அழையுங்கள். பள்ளிக்கு அருகிலேயே நூலகம் இருந்தால் வகுப்பையே அங்கே அழைத்துப் போய்விடலாம்.

தனியார் பள்ளிகளின் சிக்கல் வேறு. அங்கே படித்துப் பட்டம் பெற்ற நூலகர் இருப்பார். ஆனால் புத்தகம் வழங்குவதும் திரும்ப வாங்குவதும் அபராதம் வசூலிப்பதும்தான் அவர் வேலை என்றாகியிருக்கும். ஆசிரியர் வராத வகுப்புக்கு அவரை அனுப்பி உட்கார வைப்பார்கள். இது ஒரு பெரிய அறிவை வீணாக்குவது. நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931இல் நூலாக வெளியிட்ட சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகப் பணிக்கு வருமுன் கல்லூரியில் கணக்கு நடத்தியவர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது நூலகரின் கடமை என்பது அவருடைய நான்காம் விதி. பொய்யும் மெய்யும் ஒரே வேகத்தில் வந்து குவியும் இந்தக் காலத்தில் அந்த விதியின் தேவை கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை. தமிழாசிரியர் நூலகரை வகுப்புக்கு அழைக்கும்போது, ‘இன்று நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்துகிறோம்’ என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். இதைச் சடங்காக நினைக்க வேண்டாம். பிள்ளைகள் நாளை ஒரு சந்தேகத்தோடு யாரிடம் போவார்கள் என்பதை அந்த ஒரு வாக்கியம் தீர்மானிக்கும்.

முதல் சந்திப்பு

கல்வியாண்டு தொடங்கி இரண்டு வாரத்துக்குள் இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. தமிழாசிரியர் பாடநூலோடு வரட்டும், நூலகர் இருப்புப் பதிவேட்டோடு வரட்டும். பருவத்துக்கு ஒரு பாடம் என்று தேர்ந்தெடுங்கள், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஆண்டு முழுவதற்கும் திட்டம் தீட்டிய பள்ளிகளில் ஆடி மாதத்தோடு எல்லாம் நின்றுபோவது வழக்கம்.

பாடத்தைத் தேர்ந்ததும் மூன்றைப் பார்க்க வேண்டும். அந்தப் பாடத்துக்கு நூலகத்தில் அச்சு நூல் இருக்கிறதா? இணையத்தில் அதைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான தகவல்கள் உள்ளனவா? பாடத்தின் இலக்கணப் பகுதி அந்த முரணைத் தீர்க்க உதவுமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று பதில் வந்தால் அதுதான் உங்கள் பாடம். பாடநூலில் அச்சிட்டிருக்கும் கியூஆர் குறியீட்டைத் திறந்து, அதில் என்ன காணொளி இருக்கிறது என்றும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் முதலில் போகும் இடம் அது.

போலிக் குறள்: ஒரு வகுப்பை அருகிலிருந்து

பத்தாம் வகுப்பில் அலகிடுதல் நடத்தும் வாரம் இதற்கு மிகப் பொருத்தமானது. கரும்பலகையில் ஈரடி ஒன்று எழுதியிருக்கிறது:

உழைப்பால் உயர்ந்தவர் உலகில் என்றும்
மறையார் மனதில் நிற்பார் எப்போதும்

இந்தக் கையேட்டுக்காக நானே எழுதியது இது. வாட்ஸ்அப்பில் வள்ளுவர் படத்தோடு சுற்றும் வரிகள் பல இதே சாயலில்தான் இருக்கும். ‘இது குறளா?’ என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் ஆம் என்பார்கள். உயர்ந்த கருத்து, ஈரடி, எதுகை மோனை போன்ற ஓர் ஓசை. வேறென்ன வேண்டும் அவர்களுக்கு?

இப்போது தமிழாசிரியர் சீர்களை எண்ணச் சொல்கிறார். முதலடியில் நான்கு சீர், சரி. இரண்டாம் அடியிலும் நான்கு. குறள் வெண்பாவின் இரண்டாம் அடியில் மூன்றுதான் வர வேண்டும். முதல் ஓட்டை அகப்பட்டுவிட்டது. அடுத்து ஈற்றுச்சீர். நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளுள் ஒன்றில் வெண்பா முடிய வேண்டும். ‘எப்போதும்’ என்பதோ நேர் நேர் நேர், தேமாங்காய். இரண்டாவது ஓட்டை. ஆர்வமுள்ள பிள்ளைகள் தளைக்கும் போவார்கள். ‘உயர்ந்தவர்’ கருவிளம். விளத்தின் முன் நேர் வர வேண்டிய இடத்தில் ‘உலகில்’ என்று நிரை வந்து நிற்கிறது. மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குவதற்கென்று மட்டுமே இருந்த வாய்பாடு, அந்த நிமிடத்தில் துப்பறியும் கருவியாகிவிடுகிறது. அலகிடுதலுக்கு இவ்வளவு உயிரான பயன் வேறெங்கும் கிடைப்பதில்லை.

ஆனால் வகுப்பு இத்தோடு முடிந்தால் ஆபத்து. யாப்பு தெரிந்த யாரும் இன்றைக்கும் பிழையில்லாத குறள் வெண்பா எழுதலாம், எழுதுகிறார்கள். தளை தட்டாமல், காசு வாய்பாட்டில் முடிவதாலேயே ஓர் ஈரடி வள்ளுவர் வாக்கு ஆகிவிடாது. இலக்கணத்தால் ஒன்றை ‘இல்லை’ என்று தள்ள முடியும், ‘ஆம்’ என்று உறுதிசெய்ய முடியாது. அதற்கு நூல் வேண்டும். இந்த இடத்தில் நூலகர் பேசத் தொடங்குகிறார்.

அவர் நான்கைந்து திருக்குறள் பதிப்புகளை மேசைமேல் பரப்பிவைத்திருக்கிறார். எல்லாவற்றிலும் பின்பக்கத்தைத் திருப்பச் சொல்கிறார். பாட்டு முதற்குறிப்பு அகராதி என்ற பகுதி ஒன்று உண்டு என்பதே பிள்ளைகள் பலருக்கு அன்றுதான் தெரியவரும். 1330 குறளின் முதற்சொற்களும் அகரவரிசையில் அங்கே இருக்கின்றன. சந்தேகத்துக்குரிய ஈரடியின் முதற்சொல்லைத் தேடினால் அரை நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். முதற்சொல்லே மாறிப் பரவியிருக்கவும் கூடும் என்பதால், இரண்டாம் சொல்லையோ நடுவிலுள்ள அரிய சொல்லையோ வைத்து இணையத்தில் உள்ள முழுப் பனுவலில் தேடுவதையும் நூலகர் காட்ட வேண்டும். அச்சகராதி முதற்சொல்லுக்குக் கைகொடுக்கும், மின்பனுவல் எந்தச் சொல்லுக்கும் கைகொடுக்கும். இரண்டின் பலத்தையும் ஒரே மேசையில் பார்க்கும் பிள்ளை, ‘புத்தகமா கைபேசியா’ என்ற வெட்டி விவாதத்துக்குள் போகாது.

இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது, இதை விட்டுவிடாதீர்கள். உரையாசிரியருக்கு உரையாசிரியர் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை மாறும். பரிமேலழகர் வரிசை ஒன்று, மணக்குடவர் வரிசை வேறு. நாம் இன்று சொல்லும் குறள் எண் பரிமேலழகரைத் தழுவியது. ஆகவே ஒரு பக்கத்தில் எண் மாறியிருக்கிறது என்பதற்காகவே அதைப் போலி என்று தள்ளக் கூடாது, எந்த உரையைப் பின்பற்றுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பொருள் விளக்கத்துக்கும் இதே கேள்விதான்: ‘யார் உரை?’ பரவும் படங்களில் குறள் உண்மையாக இருக்கும், கீழே உள்ள பொருளோ யாரோ ஒருவர் தம் வசதிக்கு எழுதியதாக இருக்கும். உரையாசிரியர் பெயர் இல்லாத உரையைக் கட்டுரையில் எடுத்தாளக் கூடாது என்று வகுப்பில் ஒரு நடைமுறையே வைத்துவிடலாம்.

இந்த வகுப்புக்கு இரண்டு பாடவேளை பிடிக்கும். அடுத்தடுத்து அமைவது நல்லது. இடையில் ஒரு நாள் விட்டால் பிள்ளைகளின் சூடு ஆறிவிடும்.

பாரதி மறைந்தது என்று, எதனால்?

செப்டம்பர் மாதத்துக்கு உரிய வகுப்பு இது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் நடத்தலாம். பாரதியார் மறைந்த நாள் என்று தேடினால் சில பக்கங்கள் 1921 செப்டம்பர் 11 என்கின்றன, சில 12 என்கின்றன. பிள்ளைகளுக்கு இதில் பெரிய குழப்பம். ‘எது சரி?’ என்று கேட்பதற்கு முன் ‘ஏன் இரண்டு?’ என்று கேட்கப் பழக்குங்கள். 11ஆம் தேதி நள்ளிரவு கடந்து, சுமார் ஒன்றரை மணிக்கு அவர் உயிர் பிரிந்தது. நாள்காட்டிப்படி அது 12. ‘11ஆம் தேதி இரவு’ என்று பேச்சு வழக்கில் சொல்வதும் இயல்பு. தமிழ்நாடு அரசு மகாகவி நாள் கடைப்பிடிப்பது செப்டம்பர் 11இல். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. தகவல் முரண் எல்லாமே ஏமாற்று அல்ல என்பதைப் பிள்ளைகள் உணர இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மறைவின் காரணம் வேறு கதை. திருவல்லிக்கேணிக் கோயில் யானை தாக்கியதால் இறந்தார் என்று எண்ணற்ற பதிவுகள் சொல்கின்றன. யானை தாக்கியது உண்மை. அதிலிருந்து அவர் தேறி எழுந்ததும், சுதேசமித்திரன் வேலைக்குப் போனதும், ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலை விழாவில் பேசியதும் அதே அளவு உண்மை. அந்தப் பயணத்தைப் பற்றி அவரே சுதேசமித்திரனில் எழுதியிருக்கிறார். உயிரைக் குடித்தது பின்னால் வந்த வயிற்றுக்கடுப்பு. இதை நூலகர் வாய்மொழியாகச் சொல்லிவிடக் கூடாது. வ.ரா.வின் ‘மகாகவி பாரதியார்’, செல்லம்மா பாரதியின் ‘பாரதியார் சரித்திரம்’, சீனி. விசுவநாதன் தொகுத்த காலவரிசைப் பதிப்பு ஆகியவற்றில் கிடைப்பதை எடுத்துவைத்து, இவர்களில் யார் அருகிலிருந்து பார்த்தவர், யார் பின்னாளில் ஆவணங்களைத் தேடித் தொகுத்தவர் என்று குழுக்களைப் பிரித்துச் சொல்லச் செய்ய வேண்டும். தமிழாசிரியரின் பங்கு இங்கே நடையைக் காட்டுவது. நினைவுக்குறிப்பு எழுதுபவர் உணர்ச்சியோடு எழுதுவார், பதிப்பாசிரியர் நாளும் இதழும் குறிப்பார், பரவும் பதிவோ வியப்புக்குறிகளால் நிறைந்திருக்கும். மூன்று பத்திகளை அருகருகே ஒட்டிப் படிக்க வைத்தாலே போதும், பிள்ளைகள் தாமாகவே வேறுபாட்டைச் சொல்வார்கள்.

‘யானை மிதித்து இறந்தார்’ என்ற கதை ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதையும் பேசுங்கள். கவிஞனுக்கு வயிற்றுக்கடுப்பால் மரணம் என்பது கதையாக எடுபடுவதில்லை. யானை எடுபடுகிறது. கேட்பதற்குக் கச்சிதமாக இருக்கும் கதையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சோதிக்க வேண்டும் என்பதை இலக்கிய வகுப்பு சொல்லாமல் வேறு எந்த வகுப்பு சொல்லும்?

தமிழில் தேடுதல்

பிள்ளைகள் தேடுபெட்டியில் கேள்வியை முழுதாக எழுதிவிட்டு முதலில் வருவதை எடுத்துக்கொள்கிறார்கள். தமிழில் இது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும். பாண்டிய நாட்டு முத்து வணிகம் பற்றிச் செயல்திட்டம் செய்யும் மாணவன் ‘முத்து’ என்று தேடினால் ரஜினிகாந்த் படம் வந்து நிற்கும். அவனுக்குத் தேவை அதிகச் சொற்கள். கொற்கை, முத்துக்குளித்தல், பரதவர், முத்துச் சலாபம் என்று தமிழாசிரியர் நான்கு சொல் கொடுத்தால் நான்கு வாசல் திறக்கும். சலாபம் என்ற சொல்லைத் தொட்டால் மன்னார் கடல் பற்றிய ஈழத்து எழுத்துகளும் வந்துசேரும். இதே பொருள் நூலக அடுக்கில் வரலாற்றிலும் மீன்பிடித் தொழிலிலும் இலக்கியத்திலும் பிரிந்து கிடக்கும் என்று நூலகர் காட்டினால், தேடல் என்பது ஒரு சொல்லைத் தட்டுவதோடு முடிவதில்லை என்று புரியும்.

வேற்றுமை உருபு சேர்ந்த சொல்லைவிடப் பெயரை மட்டும் இடுவது நல்லது. ‘கொற்கையின்’ என்று தேடினால் ‘கொற்கை’ உள்ள பக்கங்கள் நழுவக்கூடும். சேர்த்தும் பிரித்தும், வல்லினம் மிகுந்தும் மிகாமலும் தேடிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இணையத்தில் எழுதுவோர் எல்லோரும் சந்தி பார்த்து எழுதுவதில்லை. ஆஸ்திரேலியா இலங்கையில் அவுஸ்திரேலியா ஆகும். மாவட்ட ஆட்சியர் அங்கே அரசாங்க அதிபர். இவ்வளவும் மொழிப்பாடம்தான். மேற்கோள் குறிக்குள் சொற்றொடரை இட்டுத் தேடுவது, ஒரு குறிப்பிட்ட தளத்துக்குள் மட்டும் தேடுவது போன்றவற்றை நூலகர் செய்துகாட்டலாம். ஐந்து நிமிட வேலை அது.

பழைய நூல்களின் வருடிய படங்களில் ஒரு தடை உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை வைத்த வடிவத்திலும் ணா, றா, னா ஆகியவை சுழித்த வடிவத்திலும் இருக்கும். இன்றைய பிள்ளைகள் அங்கே தடுக்கி நின்று, ‘இது வேறு மொழியா?’ என்று கேட்பார்கள். தமிழாசிரியர் பத்து நிமிடம் ஒதுக்கி அந்த வடிவங்களைப் பலகையில் எழுதிக் காட்டினால், நூறாண்டுப் புத்தகங்கள் அவர்களுக்குத் திறந்துவிடும். வெறும் படமாக ஏற்றிய நூலில் சொல் தேட முடியாது என்பதை நூலகர் சொல்ல வேண்டும். தேடலில் வரவில்லை என்றால் நூலில் இல்லை என்று பொருளல்ல.

பழைய அரசுக் கோப்பிலிருந்தோ இதழிலிருந்தோ ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் குவியலாக வரும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்தது அது. எழுத்துரு மாற்றி ஒன்றில் இட்டு ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பின் ஒரு முறை வாசித்துத் திருத்துவது கட்டாயம்.

நம்பிப் போகும் இடங்கள்

தளங்களின் நீண்ட பட்டியலைச் சுவரில் ஒட்டுவதால் பயனில்லை. மூன்று இடங்களை நன்றாகப் பழக்கினால் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஒன்று. 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் இன்னொன்று. அங்கே ஒவ்வொரு நூலின் தலைப்பிலும் தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் இருக்கும். அதைத் தாண்டிப் போகாமல் நின்று படிக்கப் பழக்குங்கள். ஒரு பனுவல் நம் திரைக்கு வர எத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். ஈழத்து நூல், இதழ் எதுவாயினும் நூலகம் தளத்தில் முதலில் பார்க்கலாம்.

மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் விக்கிமூலத்தை நான் தனியாகப் பரிந்துரைக்கிறேன். நாட்டுடைமையான நூல்கள் ஏராளமாக அங்கே இருக்கின்றன. வருடிய பக்கத்தின் படம் ஒரு பக்கம், தட்டெழுதிய வரிகள் மறுபக்கம். மெய்ப்புப் பார்க்காத பக்கத்துக்குச் சிவப்பு, ஒருவர் பார்த்ததற்கு மஞ்சள், இரண்டாமவரும் சரிபார்த்ததற்குப் பச்சை என்று நிறம் வைத்திருக்கிறார்கள். ஒரு பனுவலை எவ்வளவு நம்பலாம் என்பதை இத்தனை வெளிப்படையாகச் சொல்லும் இடம் அரிது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளே சிவப்புப் பக்கம் ஒன்றை எடுத்து மெய்ப்புப் பார்க்கலாம். பிழை திருத்தும் பயிற்சிக்குத் தமிழாசிரியரும், பதிப்பு விவரங்களுக்கு நூலகரும் உடன் இருக்கட்டும். கணக்குத் தொடங்கும்போது சொந்தப் பெயரோ பள்ளிப் பெயரோ பிறந்த தேதியோ பயனர் பெயரில் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

விக்கிப்பீடியாவைத் தொடக்கூடாது என்று விரட்டும் வழக்கத்தை விட்டுவிடலாம். கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள்களையும், வரலாறு என்ற பகுதியில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதையும் பார்க்கச் சொல்லிக்கொடுத்தால் அதுவே நல்ல பாடம்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைப் பற்றிக் கேட்காத ஆசிரியர் இல்லை. தடை போடுவதால் நடக்கப்போவது ஒன்றுமில்லை, பிள்ளைகள் வீட்டில் கேட்கிறார்கள். வகுப்பிலேயே கேட்டுவிடுங்கள்: ‘நெகிழிக் குப்பை பற்றி ஒரு திருக்குறள் எண்ணோடு சொல்.’ சில வேளை அது இல்லாத குறளைப் புனைந்து, எண்ணும் அதிகாரமும் சேர்த்துத் தரும். அப்போது எண்ணைச் சோதிக்கலாம். அதிகாரத்துக்குப் பத்துக் குறள் என்பதால் 781 முதல் 790 வரை 79ஆம் அதிகாரமான நட்புக்கு உரியவை. 786ஆம் குறளை வேறோர் அதிகாரத்தில் அது கொண்டுபோய் வைத்தால் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு அலகிடுதல், பிறகு முதற்குறிப்பு அகராதி. முன்பு கற்ற அத்தனையும் இங்கே திரும்பப் பயன்படுகிறது.

சான்றுச் சீட்டும் மதிப்பெண்ணும்

பழைய நூலகப் பட்டியல் அட்டையின் அளவில், அதாவது அஞ்சுக்கு மூன்று அங்குலத்தில், அட்டைகள் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை, பேச்சு, செயல்திட்டம் எதுவானாலும் பிள்ளை ஒரு மேற்கோளுக்கு ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். என்ன கண்டேன், எங்கே கண்டேன், யாருடைய பதிப்பு அல்லது உரை, வேறு எங்கே ஒப்பிட்டேன் என்ற நான்கே வரி. நான்காவது வரி காலியாக இருந்தால் நூலகர் கையெழுத்திட மாட்டார். நூலகர் கையெழுத்தில்லாத சீட்டைத் தமிழாசிரியர் திருத்த மாட்டார். ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்யும். இரண்டு மூன்று கட்டுரைகளுக்குப் பின் பழகிவிடும்.

மதிப்பெண் இல்லாத வேலையைப் பிள்ளைகளும் பெற்றோரும் பொருட்படுத்துவதில்லை என்பது நாம் அறிந்ததே. ஒன்பதாம் வகுப்பு வரை வளரறி மதிப்பீட்டின் செயல்பாட்டுப் பகுதியில் இதைச் சேர்த்துவிடலாம். சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் கொடுக்காதீர்கள். தேடியும் உறுதியாகவில்லை, ஆகவே எடுத்தாளவில்லை என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படி எழுதத் துணிவு வேண்டும்.

இணைய இணைப்பு நம்பத்தகாத பள்ளிகளில் வேண்டிய பக்கங்களை முதல் நாளே அச்செடுத்தோ சேமித்தோ வையுங்கள். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருந்தும் நேரம் கிடைக்காவிட்டால் ஒரு மடிக்கணினியும் ஓர் ஒளிவீழ்த்தியும் போதும். மேலே சொன்ன குறள் வகுப்பின் பெரும்பகுதி கரும்பலகையிலும் மேசையிலும்தான் நடக்கிறது.

வீட்டில் என்ன ஆகும்?

இந்த வகுப்புகள் பிடிபட்டதும் பிள்ளைகள் முதலில் பாய்வது குடும்ப வாட்ஸ்அப் குழுவின் மேல்தான். ‘தாத்தா, நீங்க அனுப்பினது பொய்’ என்று எல்லோர் முன்னும் எழுதிவிடுவார்கள். பெரியவர் மனம் புண்பட்டுப் பள்ளியையே குறைசொல்லத் தொடங்கினால் நம் வேலை அங்கேயே முடிந்தது. ஆகவே எப்படிச் சொல்வது என்பதும் பாடத்தில் சேர வேண்டும், அது மொழியாசிரியரின் வேலை. குழுவில் எழுதாமல் நேரில் போய் உட்கார்ந்து, ‘தாத்தா, இது எந்த அதிகாரம்னு ரெண்டு பேரும் பார்ப்போமா? உங்க கிட்ட பழைய திருக்குறள் புக் இருக்கே’ என்று கேட்கலாம். வகுப்பில் இதை இரண்டு பிள்ளைகளை வைத்து நடித்துக் காட்டச் சொல்லுங்கள். தாத்தாவாக நடிக்கும் பிள்ளை கோபப்படட்டும், அப்போதுதான் பேரன் என்ன சொல்வது என்று யோசிப்பான்.

தமிழாசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளின் வீட்டுக் கைபேசியைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள், குடும்பக் குழுக்களின் திரைப்பிடிப்பை வகுப்பில் காட்டாதீர்கள். வந்த வாசகத்தைப் பெயரில்லாமல் தாளில் எழுதிவந்து நூலகத்திலுள்ள ஒரு பெட்டியில் போடச் சொன்னால் போதும். நூலகர் வாரம் ஒன்றை எடுத்து, ‘இது உண்மையா?’ என்ற தலைப்பில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார். விடையை அடுத்த வாரம் பிள்ளைகளே எழுதி ஒட்டலாம். நவம்பர் 14 முதல் 20 வரை வரும் தேசிய நூலக வாரத்தில் அவ்வளவையும் சேர்த்துக் காட்சிக்கு வைத்தால், பெற்றோரும் வந்து பார்ப்பார்கள்.

பணி மாறுதல் வரும்போது

நன்றாக நடந்துவந்த கூட்டு முயற்சி பெரும்பாலும் ஒருவரின் பணி மாறுதலோடு நின்றுவிடுகிறது. அதனால் பாடத்திட்டக் குறிப்புகள், சோதித்த வாசகங்கள், பிள்ளைகளின் சான்றுச் சீட்டுகளில் நல்லவை ஆகியவற்றை ஒரு கோப்பாகக் கட்டி, நூலக இருப்புப் பதிவேட்டில் எண் கொடுத்துப் பதிவு செய்துவிடுங்கள். ஆசிரியரின் பீரோவில் இருந்தால் அது அவரோடு போய்விடும். பதிவேட்டில் எண் ஏறிவிட்டால் அடுத்து வருபவர் பொறுப்பேற்கும்போது சரிபார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். புதிதாக வந்த தமிழாசிரியரிடம் அந்தக் கோப்பை எடுத்துக் கொடுத்து, ‘அடுத்த பருவத்துக்கு எந்தப் பாடம் எடுக்கலாம், சார்?’ என்று கேட்கும் பொறுப்பு நூலகருடையது.